மூச்சில் மாட்டிக்கொண்ட கிருமி

1899-ஆம் ஆண்டு. கிராக்கோவ் நகரத்தில் வலேரி யாவோர்ஸ்கி என்ற மருத்துவப் பேராசிரியர், நோயாளிகளின் இரைப்பையைக் கழுவி எடுத்த நீரை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் சுருள் சுருளாகச் சில நுண்ணுயிரிகள் தென்பட்டன. ஆறு ஆண்டுகளுக்கு முன்பே இத்தாலியின் டூரின் நகரில் ஜூலியோ பிட்சோசெரோ நாய்களின் இரைப்பையில் இப்படிப்பட்ட சுருள்களைக் கண்டு எழுதியிருந்தார். யாவோர்ஸ்கி ஒரு படி மேலே போனார். மனிதர்களுக்கு வரும் வயிற்று நோய்களுக்கும் இந்தச் சுருளுக்கும் சம்பந்தம் இருக்கலாம் என்று சந்தேகப்பட்டார். சந்தேகத்தைப் போலிஷ் மொழிப் புத்தகம் ஒன்றில் எழுதினார். அந்த மொழிக்கு வெளியே அதைப் படித்தவர்கள் மிகக் குறைவு. புத்தகம் அலமாரிக்குள் போனது. கிருமி தன் அடுத்த தடயத்தைக் கால் நூற்றாண்டு கழித்து இங்கிலாந்தில் விட்டது.

1924-ல் கேம்பிரிட்ஜில் லக், சேத் என்ற இரண்டு உயிர்வேதியியலாளர்கள் விலங்குகளின் இரைப்பைச் சுவரில் ஒரு நொதியைக் கண்டார்கள். அதன் பெயர் யூரியேஸ். யூரியாவை உடைத்து அமோனியாவாகவும் கரியமில வாயுவாகவும் ஆக்குவது அதன் வேலை. தாவரங்களில் அது ஏராளம். இரண்டே ஆண்டுகளில் அமெரிக்காவில் ஜேம்ஸ் சம்னர், பதினேழு வயதில் வேட்டை விபத்தில் இடது கையை இழந்தவர், வாளவரை விதையிலிருந்து இதே யூரியேஸைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். உலகில் முதன்முதலில் படிகமான நொதி அதுதான். பிறகு அதற்காக அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. அவரையில் யூரியேஸ் இருப்பதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. அது இரைப்பைக்குள் எப்படி வந்தது?

அன்றைய பதில் சுலபமாக இருந்தது. இரைப்பைக்குள் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சுரக்கிறது. அந்த அமிலத்தில் எந்தக் கிருமியும் குடியிருக்க முடியாது. எனவே யூரியேஸ் இரைப்பையின் சொந்தச் சொத்து. டப்ளினில் ஆலிவர் ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற மருத்துவர் இதற்கு ஒரு அழகான காரணமும் கண்டுபிடித்தார். யூரியா உடைந்தால் அமோனியா வரும். அமோனியா அமிலத்தை முறிக்கும். ஆகவே இரைப்பை தன்னைத் தானே காத்துக்கொள்ளத்தான் இந்த நொதியை வைத்திருக்கிறது என்றார். அந்தக் கணக்குப்படி அல்சர் நோயாளிகளுக்கு யூரியாவையே மருந்தாகக் கொடுத்துப் பார்த்தார். அமிலத்தை அமோனியா முறிக்கிறது என்பது வரை அவர் சொன்னது சரி. அந்தக் காப்பு யாருக்காக என்பதில்தான் கணக்கு தவறியிருந்தது. அதைப் பிடிக்க வேறொரு பொருள் தேவைப்பட்டது. அது உருவாகிக்கொண்டிருந்த இடம், வயிற்றுக்குச் சற்றும் சம்பந்தமில்லாத ஒரு இயற்பியல் கூடம்.

1940 பிப்ரவரி. கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் மார்ட்டின் காமன் என்ற இளம் விஞ்ஞானி, சைக்ளோட்ரான் எந்திரத்தில் கிராஃபைட்டை வைத்து இரவு இரவாகத் துகள்களால் தாக்கிக்கொண்டிருந்தார். தூக்கமில்லாமல், தாடியுடன், கொட்டும் மழையில் வீட்டுக்கு நடந்தவரைப் போலீஸ் வழியில் பிடித்தது. ஊரில் ஒரு கொலை நடந்திருந்தது. இவர்தான் கொலைகாரனோ என்று சந்தேகம். சாட்சி இவர் இல்லை என்று சொன்ன பிறகே விட்டார்கள். அவர் விட்டுவந்த கிராஃபைட்டைச் சகா சாம் ரூபன் சோதித்தார். அதில் கார்பன்-14 இருந்தது. கதிரியக்கம் உள்ள, 5,730 ஆண்டுகள் அரை ஆயுள் கொண்ட கார்பன். சலவைக்காரர் துணியில் இடும் குறி எத்தனை வீட்டு மூட்டைகளுக்குள் கலந்தாலும் துணியைக் காட்டிக்கொடுப்பதுபோல, இந்தக் கார்பன் உடம்புக்குள் எங்கே போனாலும் தன்னைக் காட்டிக்கொடுக்கும். அந்தக் குறியை யூரியாவில் இட்டால் என்ன ஆகும் என்று பார்க்கும் நாளும் வந்தது.

பார்த்தவர்களில் ஒருவர் ஹான்ஸ் கோர்ன்பெர்க். நாஜி ஜெர்மனியிலிருந்து சிறுவனாகத் தப்பி இங்கிலாந்து வந்தவர். ஷெஃபீல்டில் இன்னொரு அகதியான ஹான்ஸ் கிரெப்ஸின் கூடத்தில் எடுபிடி உதவியாளராகச் சேர்ந்து, படித்து மேலே வந்தவர். முனைவர் பட்டத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட விஷயம் இரைப்பை யூரியேஸ். சோதனைக்குக் கிடைத்தவை பூனைகள். குறியிட்ட யூரியா பூனைகளின் உடம்புக்குள் போனதும் அதன் கார்பன் அவை விடும் மூச்சில் கரியமில வாயுவாக வெளியே வந்தது. பிறகு பூனைகளுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். யூரியா உடைவது நின்றுபோனது. இரைப்பையின் சொந்த நொதியாக இருந்தால் ஆன்டிபயாடிக் அதை எப்படி அணைக்கும்? யூரியேஸ் பாக்டீரியாவின் சரக்கு என்று கோர்ன்பெர்க்கும் சகாக்களும் 1954-ல் எழுதினார்கள். முப்பது ஆண்டுகளுக்குப் பின் வரப்போகும் ஒரு பரிசோதனையின் எல்லா உறுப்புகளும் அந்த அறையில் தயாராக இருந்தன: யூரியா, குறியிட்ட கார்பன், மூச்சு, ஆன்டிபயாடிக். ஆனால் அதே 1954 இன்னொரு கட்டுரையையும் கொண்டுவந்தது.

அமெரிக்க மருத்துவர் எடி பால்மர் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் இரைப்பையிலிருந்து சிறு திசுத் துண்டுகளை எடுத்துப் பார்த்தார். சுருள் கிருமி ஒன்றுகூட இல்லை. முன்னோர்கள் பார்த்ததெல்லாம் வாயிலிருந்து வந்த அழுக்கு, அல்லது இறந்த பிறகு பெருகியவை என்று முடித்துவிட்டார். அவர் பயன்படுத்தியது திசுக்களுக்கு வழக்கமாகப் போடும் சாயம்; இந்தக் கிருமி அதில் எளிதில் கண்ணுக்குப் படாது. அது யாருக்கும் உறைக்கவில்லை. ஆயிரத்துச் சொச்சம் மனிதர்கள் ஒரு பக்கம், சில பூனைகள் மறு பக்கம். மனிதர்கள் வென்றார்கள். பூனைகள் சொன்னது உயிர்வேதியியல் இதழ்களிலேயே தங்கிவிட, வயிற்று மருத்துவர்கள் அமிலத்துக்கு மருந்து தேடப் போனார்கள். கால் நூற்றாண்டு அப்படியே கழிந்தது.

1979 ஜூன் 11. மேற்கு ஆஸ்திரேலியாவின் ராயல் பெர்த் மருத்துவமனையில் நோயியல் வல்லுநர் ராபின் வாரனுக்கு அன்று நாற்பத்திரண்டாவது பிறந்தநாள். ஒரு நோயாளியின் இரைப்பைத் திசுவில் மேல்பரப்பை ஒட்டி நீல நிறத்தில் ஏதோ படிந்திருப்பதைக் கவனித்தார். வெள்ளிச் சாயம் போட்டுப் பார்த்தால், படலம் படலமாகக் கிருமிகள். பக்கத்தில் இருந்தவர்கள் நம்பவில்லை. வாரன் அடுத்த அடுத்த திசுக்களில் தேடினார்; வீக்கம் இருந்த இடங்களிலெல்லாம் அவை இருந்தன. இரண்டு வருடம் தனியாகவே சேகரித்தார். 1981-ல் அவரைத் தேடி ஒரு பயிற்சி மருத்துவர் வந்தார். அந்த ஆண்டுக்கு ஏதாவது ஆய்வு செய்தாக வேண்டும் என்பது அவருடைய கவலை. பெயர் பாரி மார்ஷல்.

இருவரும் நூறு நோயாளிகளை எடுத்துக்கொண்டார்கள். திசுவில் தெரியும் கிருமியைத் தட்டில் வளர்த்துக் காட்டினால்தான் உலகம் நம்பும். தட்டில் அது வளரவே இல்லை. முப்பதுக்கும் மேற்பட்டவர்களின் மாதிரிகள் வீணாயின. இரண்டு நாளில் எதுவும் முளைக்காவிட்டால் தட்டைத் தூக்கி எறிவது ஆய்வகத்தின் வழக்கம். 1982-ல் ஈஸ்டர் வந்தது. நான்கு நாள் விடுமுறை. அதோடு மருத்துவமனையில் வேறொரு பிடிவாதமான கிருமி பரவி, ஆய்வகத்துக்குத் தலைக்கு மேல் வேலை. ஒரு நோயாளியின் தட்டுகளை எறிய யாருக்கும் நேரமில்லை. விடுமுறை முடிந்து திறந்தபோது தட்டில் கண்ணாடித் துளிகளாகக் காலனிகள் மின்னின. அந்தக் கிருமிக்கு வேண்டியிருந்தது இன்னும் சில நாட்கள்தான். வளர்ந்தாகிவிட்டது; இதுதான் நோயைத் தருகிறது என்று எப்படி நிரூபிப்பது?

விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், ஒட்டவில்லை. 1984-ல் மார்ஷல் முதலில் தன் இரைப்பை சுத்தமாக இருப்பதை எண்டோஸ்கோப்பி மூலம் உறுதி செய்துகொண்டார். பிறகு கிருமிக் குழம்பைத் தானே குடித்தார். மனைவியிடம் சொல்லவில்லை. சில நாளில் குமட்டல், காலையில் வாந்தி, வாய் நாற்றம் என்று ஆரம்பித்தது. மறுபடி எண்டோஸ்கோப்பி செய்தபோது இரைப்பை வீங்கியிருந்தது. திசுவில் சுருள்கள் நிறைந்திருந்தன. விஷயம் தெரிந்த மனைவி ஆன்டிபயாடிக் எடுக்கும்படி விரட்டினார். பின்னாளில், 2005-ல், வாரனுக்கும் மார்ஷலுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் கிருமியின் இன்னொரு ரகசியம் அதே 1984-ல் ஆம்ஸ்டர்டாமில் வெளியே வந்தது.

அங்கே லாங்கன்பெர்க் என்ற ஆய்வாளரின் குழு அந்தக் கிருமியை வளர்த்து, அதன் குணங்களை ஒவ்வொன்றாகச் சோதித்தது. யூரியாவைக் காட்டியதும் அது மின்னல் வேகத்தில் உடைத்துத் தள்ளியது. அறுபது ஆண்டுகளாக இரைப்பையின் பேரில் எழுதப்பட்டிருந்த யூரியேஸின் உண்மையான சொந்தக்காரன் சிக்கிவிட்டான். அமிலத்தில் கிருமி எப்படிப் பிழைக்கிறது என்ற கேள்விக்கும் அதுவே பதில்: தன்னைச் சுற்றிலும் அமோனியாவை உண்டாக்கிக்கொண்டு, அந்த வளையத்துக்குள் அது பத்திரமாக இருக்கிறது. டப்ளின் மருத்துவர் சொன்ன காப்பு உண்மைதான், காப்பாற்றப்பட்டது கிருமி.

மார்ஷல் உடனே இதை ஒரு சோதனையாக்கினார். எண்டோஸ்கோப்பியில் கிள்ளி எடுத்த திசுவை யூரியாவும் சாயமும் கலந்த மஞ்சள் ஜெல்லில் வைத்தால், கிருமி இருக்கும் பட்சத்தில் ஜெல் இளஞ்சிவப்பாகும். மலிவு, வேகம். ஆனால் தொண்டை வழியே குழாய் இறக்கினால்தான் திசு கிடைக்கும். வளர்ந்தவர் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்துவிடுவார். ஐந்து வயதுக் குழந்தைக்கு மயக்கமே கொடுக்க வேண்டும். இதில் ஒரு கொடுமை, இந்தக் கிருமி பெரும்பாலும் தொற்றுவது குழந்தைப் பருவத்தில். பிறகு சிகிச்சை இல்லாவிட்டால் ஆயுள் முழுக்க உடன் இருக்கும். தொற்று ஆரம்பிக்கும் வயதில்தான் அதைத் தேடிப் பார்க்க வழியில்லை. வழி டெக்சஸ் மாநிலத்தின் ஹூஸ்டனில், அதுவும் குழந்தைகளுக்கென்றே இருந்த ஒரு ஆய்வுக் கூடத்தில் காத்திருந்தது.

பேலர் மருத்துவக் கல்லூரியின் குழந்தைகள் ஊட்டச்சத்து ஆய்வு மையத்தில் பீட்டர் கிளைன் என்பவர் வேலை பார்த்தார். கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் சாப்பிடுவது உடம்புக்குள் என்ன ஆகிறது என்று அறிய வேண்டிய இடம் அது. அவர்களுக்குக் கதிரியக்கப் பொருளைக் கொடுக்க யார் துணிவார்கள்? எனவே அங்கே புழங்கியது கார்பன்-13. 1929-லேயே பர்ஜ், கிங் என்ற இருவர் கண்டுபிடித்தது அது. கதிரியக்கம் துளியும் கிடையாது. காற்றிலும் சோற்றிலும் இருக்கும் கார்பனில் இயல்பாகவே 1.1 சதவீதம் அதுதான். ஆபத்து இல்லை என்பதே அதன் சங்கடமும்கூட: கதிர் வீசாததால் கருவி கத்தாது. அணுக்களை எடை பார்த்துப் பிரிக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்ற பெரிய எந்திரம் வேண்டும். ஒரு வயிற்று மருத்துவரிடம் அந்த எந்திரம் இருக்க வாய்ப்பே இல்லை. கிளைனிடம் இருந்தது. அதே கல்லூரியில் டேவிட் கிரஹாம் என்ற வயிற்று மருத்துவர் இருந்தார்.

கிரஹாமும் கிளைனும் கைகோத்தார்கள். கார்பன்-13 குறியிட்ட யூரியாவைக் குடிக்கக் கொடுத்து மூச்சைப் பிடித்தார்கள். கிருமி இருந்தவரின் வயிற்றில் யூரியா உடைந்து, குறியிட்ட கரியமில வாயு ரத்தத்தில் ஏறி, நுரையீரல் வழியே வெளியே வந்தது. கிருமி இல்லாதவரின் வயிற்றிலோ யூரியா அப்படியே இருந்தது, மூச்சில் மாற்றமில்லை. 1987 மே மாதம் லான்செட் இதழில் கட்டுரை வந்தது. அதே ஆண்டு இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகர மருத்துவர்கள் கார்பன்-14-ஐ வைத்து இதையே செய்து காட்டினார்கள். அடுத்த ஆண்டு மார்ஷலும். கார்பன்-14 வழி மலிவு, கருவியும் சிறியது. சந்தையில் அதுவே ஜெயித்திருக்கலாம். கதிரியக்கம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வேண்டாம் என்ற தயக்கம் குறுக்கே நின்றது. குழந்தைகளின் மூச்சு ஹூஸ்டன் வழிக்கே விடப்பட்டது.

அந்த வழி எவ்வளவு தூரம் போகும் என்பது பெரு நாட்டின் தலைநகர் லிமாவில் தெரிந்தது. கிளைனும் கிரஹாமும் இன்னும் சிலரும் இரண்டு மாதச் சிசு முதல் பன்னிரண்டு வயதுச் சிறுவர் வரை நானூறுக்கும் மேற்பட்ட குழந்தைகளின் மூச்சைச் சேகரித்தார்கள். நோயில்லாத இத்தனை குழந்தைகளின் தொண்டையில் குழாய் இறக்க எந்தப் பெற்றோரும் சம்மதித்திருக்க மாட்டார்கள். மூச்சு கேட்டால் கொடுத்தார்கள். ஏறக்குறைய பாதிப் பேரிடம் கிருமி இருந்தது. வறுமைதான் காரணம் என்று முடித்துவிடலாம் என்றால், வசதியான வீட்டுக் குழந்தைகளிடமும் அது தென்பட்டது. வீட்டுக்கு வீடு விசாரித்ததில் சந்தேகம் குடிநீர் மேல் விழுந்தது: நகராட்சித் தண்ணீர் குடித்த குழந்தைகளிடம் தொற்று அதிகம். 1991-ல் இது வெளியானது. மூச்சு இப்போது ஒரு ஊரின் தண்ணீரையே கேள்வி கேட்டது. ஆனால் சோதனைக்குள்ளேயே சில ஓட்டைகள் தெரிய ஆரம்பித்தன.

முதல் ஓட்டை வாய். யூரியாவை உடைக்கும் வேறு பாக்டீரியாக்கள் வாயிலும் உண்டு. பெரியவர் வாயைக் கொப்பளிப்பார், மாத்திரையாக விழுங்குவார். மூன்று வயதுக் குழந்தை குடிப்பதற்குப் பதில் வாயிலேயே வைத்து விளையாடும். மூச்சில் பொய்க் குறி ஏறிவிடும். எனவே ஸ்ட்ரா வைத்து உறிஞ்சச் சொன்னார்கள். பானத்தில் சிட்ரிக் அமிலம் சேர்த்தார்கள். புளிப்பு, இரைப்பையைச் சீக்கிரம் காலியாக விடாது. கிருமியின் யூரியேஸும் சுறுசுறுப்பாகும். இரண்டாவது ஓட்டை உடம்பின் அளவு. குழந்தை வெளிவிடும் கரியமில வாயு மொத்தத்தில் குறைவு. அந்தக் கொஞ்சத்தில் குறியிட்ட வாயு கலந்தால் விகிதம் பெரிதாகத் தெரியும். பெரியவரின் எல்லைக் கோட்டை வைத்துப் பார்த்தால் கிருமி இல்லாத குழந்தையும் மாட்டிக்கொள்ளும். மூன்றாவது, எந்திரம். மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் ஊருக்கு ஊர் இருக்காது. இதை அகச்சிவப்பு ஒளி தீர்த்தது: கார்பன்-12 உள்ள வாயுவும் கார்பன்-13 உள்ள வாயுவும் சற்றே வேறுபட்ட அலைநீளங்களில் ஒளியை உறிஞ்சும் என்பதை வைத்து, மேசை மேல் வைக்கும் அளவுக்குக் கருவிகள் வந்தன. உடம்பின் அளவுக்குத் தீர்வு ஒரு கணக்காக வந்தது.

அமெரிக்காவில் பெரியவர்களுக்கு 1996-லேயே இந்தச் சோதனை அனுமதி பெற்றுவிட்டது. குழந்தைகளுக்கு 2012 பிப்ரவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போதும் மூன்று முதல் பதினேழு வயது வரைதான். அனுமதி பெற்ற அந்தப் பெட்டிக்குள் இருந்தவை இவ்வளவே: நீலப் பை ஒன்று, இளஞ்சிவப்புப் பை ஒன்று, ஒரு பொட்டலம் புளிப்புத் தூள், ஒரு ஸ்ட்ரா. முதலில் குழந்தை நீலப் பையில் ஊத வேண்டும். தூளைத் தண்ணீரில் கரைத்து ஸ்ட்ராவால் குடிக்க வேண்டும்; அதில் 75 மில்லிகிராம் யூரியா இருந்தது. பதினைந்து நிமிடம் கழித்து இளஞ்சிவப்புப் பையில் ஊத வேண்டும். இரண்டு மூச்சுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கருவி பார்க்கும்; குழந்தையின் வயது, பாலினம், உயரம், எடையைச் சேர்த்து, யூரியா எந்த வேகத்தில் உடைந்தது என்று கணக்குப் போடும். குழாய் இல்லை, ஊசி இல்லை, மயக்க மருந்து இல்லை. வென்றாகிவிட்டது என்று தோன்றிய நேரத்தில் குழந்தை மருத்துவர்களே ஒரு முட்டுக்கட்டை போட்டார்கள்.

தொற்று உள்ள குழந்தைகளில் பெரும்பாலோருக்கு அல்சரும் இல்லை, தொந்தரவும் இல்லை. வயிற்று வலி என்று வரும் ஒவ்வொரு குழந்தையையும் ஊதச் சொன்னால், கிருமி இருப்பது தெரியும். வலிக்கு அதுதான் காரணமா என்பது தெரியாது. தெரியாமலேயே ஆன்டிபயாடிக்குகள் கொட்டப்படும். மருந்துக்கு அடங்காத கிருமிகள் வளரும். ஐரோப்பிய, வட அமெரிக்கக் குழந்தை வயிற்று மருத்துவர்களின் சங்கங்கள் சேர்ந்து எழுதிய வழிகாட்டி நெறிகள் இதை அழுத்திச் சொல்லின: முதல் முறை தேடுவது வலியின் காரணத்தை, அதற்கு வேண்டியிருந்தால் எண்டோஸ்கோப்பிதான். மூச்சுச் சோதனைக்கும், 1990-களின் கடைசியில் வந்த அதன் போட்டியாளரான மலச் சோதனைக்கும், வேறொரு வேலை ஒதுக்கப்பட்டது. சிகிச்சை முடிந்து குறைந்தது நான்கு வாரம் கழித்து, கிருமி உண்மையிலேயே போய்விட்டதா என்று பார்ப்பது.

ஆன்டிபயாடிக் கொடுத்துவிட்டு, யூரியா இன்னும் உடைகிறதா என்று பார்ப்பது. ஷெஃபீல்டில் கோர்ன்பெர்க் தன் பூனைகளிடம் கேட்டதும் இந்தக் கேள்வியைத்தான். அன்று வயிற்று மருத்துவர்கள் அந்தப் பதிலைப் படித்திருந்தால், ஹூஸ்டன் குழந்தைகள் மையத்தின் எந்திரம் வரை காத்திருக்காமலேயே மூச்சில் கிருமி பிடிபட்டிருக்கலாம். முப்பத்து மூன்று ஆண்டுகள் தாமதமாக வந்தாலும் சோதனை கடைசியில் தன் பிறந்த வேலைக்கே திரும்பியது. ஒரே மாற்றம், கதிரியக்கக் கார்பன் போய், குழந்தைக்குத் தைரியமாகக் கொடுக்கக்கூடிய கார்பன் அதன் இடத்தில் இருந்தது.